குறி தப்பட்டும், விடுங்கோ

“உங்கட மவுஸ் பழுதடா.”

போன மாதம் எங்கட போர்டிங் அறைக்கு வந்த நண்பன் ஒருவன் சொன்னது இது. அதுக்குப் பிறகு மூன்று மணித்தியாலம் ஒருத்தரும் நித்திரை கொள்ளவில்லை. ஆள் கெட்டிக்காரன். போனில் பப்ஜி விளையாடினால், என்ன நடந்தது என்று பக்கத்தில் இருக்கிறவனுக்கு விளங்க முதலே இரண்டு பேரை விழுத்திவிடுவான். அன்றைக்கு எங்கட லப்டொப்பில் ‘ஃபோல்அவுட்: நியூ வேகாஸ்’ திறந்து கிடந்தது. நாங்கள் உருவாக்கி வைத்திருந்த பாத்திரத்துக்குப் பலமும் காணாது, துவக்குத் திறனும் காணாது. கிடைத்த பொயின்ற் எல்லாத்தையும் பேச்சுத் திறனில் போட்டிருந்தோம். கலைப்பீடம்தானே. அவன் பையில் கிடந்த ஸ்னைப்பர் றைபிளை எடுத்துத் தூரத்தில் நின்ற கொள்ளைக்காரனுக்குக் குறி வைத்தான். ஸ்கோப் ஆடுது. மவுஸை அசையாமல் பிடிச்சாலும் ஆடுது. நாலு ரவை போச்சு, ஒன்றும் படவில்லை.

மவுஸில் ஒரு பழுதும் இல்லை. அந்த ஆளுக்குத்தான் கை நடுங்குது.

“அப்ப எனக்குச் சுடத் தெரிஞ்சு என்ன பிரயோசனம்?” என்று கேட்டான். நியாயமான கேள்விதான். கனபேர் கேட்கிற கேள்வி, கேம் செய்யிற கொம்பனிகளும் கேட்டுக்கேட்டுக் கடைசியில் தலையாட்டிவிட்ட கேள்வி. அப்படித் தலையாட்டினது பிழை என்று நாங்கள் நினைக்கிறோம். அந்த இரவு சொல்லி முடிக்க ஏலாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு பேர்ப் பிரச்சினை. றோல் பிளேயிங் கேமை உலகம் முழுக்க ஆர்.பி.ஜி. என்றுதான் சொல்லினம். எங்கட வீடுகளில் அந்த மூன்று எழுத்துக்கும் அர்த்தம் வேற. எங்களில் ஒருத்தன் போனில் “ஆர்.பி.ஜி. ஒண்டு இறக்கிக்கொண்டிருக்கிறன்” என்று சொன்னதைக் கேட்டு அவன்ர அம்மா சோற்றுக் கோப்பையோட அப்படியே நின்றுவிட்டா. ஆகவே இங்கே ‘பாத்திரக் கேம்’ என்றே எழுதுகிறோம்.

பாத்திரக் கேமின் அடிப்படை மிகச் சின்ன விஷயம்: நீங்கள் இன்னொரு ஆளாக இருக்கப் போகிறீர்கள். 1974இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வந்த நாளிலிருந்து இதுதான் ஒப்பந்தம். மேசையில் இருக்கிறவர் எவ்வளவு மெலிஞ்சவராயும் இருக்கலாம், அவருடைய பாத்திரம் கோடரி வீசும். வீச்சு பட்டதா இல்லையா என்பதைப் பாத்திரத்தின் எண்ணும் தாயக்கட்டையும் சேர்ந்து முடிவு செய்யும். 1997இல் வந்த முதலாவது ஃபோல்அவுட்டிலும் அப்படித்தான். முறை வைத்து விளையாடுறது. இந்தக் குறி படுவதற்கு நூற்றுக்கு இத்தனை வீதம் என்று காட்டும், நீங்கள் அழுத்துவீர்கள், பட்டால் பட்டது. “நான் சரியாத்தான் வைச்சனான்” என்று ஒருத்தரும் சண்டைக்கு வரவில்லை. ஏனென்றால் வைக்கிறது நீங்கள் இல்லை என்பது பார்த்தாலே தெரியும்.

கமெரா கீழே இறங்கி வந்து பாத்திரத்தின் கண்ணுக்குள் உட்கார்ந்த பிறகுதான் வில்லங்கம் தொடங்கினது. இப்போது துவக்கு உங்கட கையில் இருக்கிற மாதிரித் தெரியுது. குறிவட்டத்தை நகர்த்துறது உங்கட மணிக்கட்டு. ஆனால் எண்கள் இன்னும் உள்ளுக்குள் ஓடுது. ஆர் சுடுறது, நீங்களா பாத்திரமா?

எதிர்த் தரப்புக்குக் கொடுக்க வேண்டியதை முதலே கொடுத்துவிடுவோம். 2002இல் வந்த ‘மொறோவிண்ட்’ விளையாடினவர்களுக்கு அந்தக் கோபம் தெரியும். அது துவக்குக் கேம் இல்லை, வாள் கேம். ஆனால் பிரச்சினை அதேதான். வாள் எதிரியின் உடம்புக்குள்ளால் போகுது, கண்ணால் காண்கிறீர்கள், ஆனால் கேம் ‘படவில்லை’ என்கிறது. உள்ளுக்குள் தாயக்கட்டை உருண்டு தோற்றிருக்கு. படம் ஒன்று சொல்லுது, கணக்கு இன்னொன்று சொல்லுது. இதை நாங்கள் நியாயப்படுத்த வரவில்லை. பொய் சொன்ன கேமில் ஆத்திரப்படுறது சரிதான்.

ஆனால் அந்தப் பொய்க்கான மருந்து என்ன? இங்கேதான் எல்லாரும் வழி மாறிப் போயிருக்கினம். கணக்கு பொய் சொல்லுது என்றால் கணக்கைப் படத்தில் காட்டலாம். அதைச் செய்யாமல் கணக்கையே தூக்கி எறிஞ்சுபோட்டு, “இனி எல்லாம் உன்ர கைதான்” என்று விட்டிட்டாங்கள்.

கணக்கைப் படத்தில் காட்டுறது எப்படி என்று 2000ஆம் ஆண்டிலேயே ஒரு கேம் காட்டியிருக்கு. ‘டேயஸ் எக்ஸ்’. அயன் ஸ்டோர்ம் செய்தது, வொறன் ஸ்பெக்டர் இயக்கியது. எங்கட லப்டொப்பில் அது வழுக்கிக்கொண்டு ஓடும் என்பதால் நாங்கள் ஆறு பேரும் மாறிமாறி முடித்திருக்கிறோம். அதில் பிஸ்டல், றைபிள், கனரக ஆயுதம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திறன், ஒவ்வொரு திறனுக்கும் நாலு படி. பயிற்சி இல்லாத ஆள் துவக்கைத் தூக்கினால் குறிவட்டம் அகலமாக விரிஞ்சு கிடக்கும். அசையாமல் நின்றால் மெல்ல மெல்லச் சுருங்கும். நடந்தால் திரும்ப விரியும். குந்தி இருந்தால் இன்னும் நல்லது. திறனைக் கூட்டக் கூட்ட அந்த வட்டம் சுருங்கிற வேகமும் கூடும். கடைசிப் படிக்கு வந்தால் துவக்கைத் தூக்கின கொஞ்ச நேரத்திலேயே வட்டம் சுருங்கிவிடும்.

இதில் நடக்கிறதைக் கவனியுங்கோ. தாயக்கட்டையை ஒளிச்சு வைக்கவில்லை. சுட முதலே, இந்த ஆள் இப்போது எவ்வளவு ஒழுங்காகச் சுடுவான் என்று கேம் உங்களுக்குக் காட்டுது. அவசரப்பட்டால் தப்பும், பொறுத்தால் படும். அந்தப் பொறுமை உங்களுடையது. எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பது பாத்திரத்தினுடையது. இரண்டு பேருக்கும் வேலை இருக்கு, ஒருத்தர் வேலையை மற்றவர் பறிக்கவில்லை. திறனை நேரமாக மாற்றிக் கொடுத்திருக்கினம்.

டேயஸ் எக்ஸ் குறையில்லாதது என்று சொல்ல வரவில்லை. துவக்கில் லேசரைப் பூட்டினால் அந்த வட்டக் கணக்கே தேவையில்லாமல் போகும், திறனுக்குப் போட்ட பொயின்ற் வீண். நீச்சல் திறன் என்று ஒன்று இருக்கு, அதில் பொயின்ற் போட்டவனை நாங்கள் இன்னும் பகிடி பண்ணிக்கொண்டிருக்கிறோம். உலகம் முழுக்க உள்ள இயக்கமொன்றின் புதுச் சிறப்பு ஏஜென்ற், உடம்பு முழுக்கத் தொழில்நுட்பம், ஆனால் முதல் நாள் கடமைக்கு வரும்போது றைபிள் பிடிக்கத் தெரியாது என்பதும் கொஞ்சம் இடிக்கும்.

அந்த இடிப்புத்தான் ‘மாஸ் எஃபெக்ட்’டைக் கவிழ்த்தது. 2007இல் வந்த முதல் பாகத்திலும் துவக்குத் திறனுக்குப் பொயின்ற் போட வேண்டும், போடாவிட்டால் குறிவட்டம் பெரிசு, ஸ்னைப்பரைத் தூக்கினால் ஆடும். ஆனால் கதையில் ஷெப்பர்ட் ஆர்? பெயர் எடுத்த கொமாண்டர். அப்படிப்பட்ட ஆளுக்கு ஸ்னைப்பரை நேராகப் பிடிக்கத் தெரியாது என்றால் ஆர் நம்புவது? ஆட்கள் முறைப்பட்டார்கள். 2010இல் வந்த இரண்டாம் பாகத்தில் துவக்குத் திறன்களையே எடுத்துவிட்டார்கள். 2021இல் பழைய மூன்றையும் புதுப்பித்து ‘லெஜெண்டரி எடிஷன்’ விட்டபோது, முதலாம் பாகத்திலேயும் கை வைத்து அந்தத் தண்டனைகளை நீக்கி, எந்த வகுப்புப் பாத்திரமும் எந்தத் துவக்கையும் தடையில்லாமல் பாவிக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள்.

எங்கட வாதம், ஷெப்பர்ட் விஷயத்தில் பிழை கதையில்தான் இருந்தது என்பது. பெரிய போர்வீரனைக் கதையில் வைத்துவிட்டு முதல் நாள் பிள்ளையின் கையைக் கொடுத்தால் யாருக்கும் ஒட்டாது. அதே கையை ஒட்டுகிற ஆளுக்குக் கொடுத்துப் பாருங்கோ. 2018இல் வந்த ‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ்’ 1403ஆம் ஆண்டு பொஹீமியாவில் நடக்குது. ஹென்றி ஒரு கொல்லன்ர மகன். வாசிக்கத் தெரியாது, புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் மாறிக் குழம்பித் தெரியும், ஒருவரிடம் போய்ப் படிச்ச பிறகுதான் சரியாகும். வில்லைத் தூக்கினால் குறிவட்டமே இல்லை, கை ஆடும். பழகப் பழக ஆட்டம் குறையும். அதில் முதல் முயலை விழுத்திய அன்றைக்கு எங்கட அறையில் போட்ட சத்தத்துக்கு வீட்டுக்கார அன்ரி மேல வந்திட்டா. பப்ஜியில் பத்துப் பேரை விழுத்தினாலும் அந்தச் சத்தம் வராது. முதல் நாள் கை நடுங்கினவன் இன்றைக்கு நடுங்காமல் நிற்கிறான், அந்த வித்தியாசத்தைத்தான் கண்ணால் கண்டோம். நடுக்கத்தை எடுத்துவிட்டால் அதையும் சேர்த்து எடுத்துவிடுகிறீர்கள்.

இப்போது ஃபோல்அவுட்டுக்கு என்ன நடந்தது என்று பாருங்கோ. நியூ வேகாஸில், அதாவது 2010இல், ஒவ்வொரு துவக்குக்கும் இவ்வளவு பலம் வேண்டும், இவ்வளவு திறன் வேண்டும் என்று இருந்தது. ஆன்டி மெட்டீரியல் றைபிளுக்குப் பலம் 8, துவக்குத் திறன் 100. காணாவிட்டால் தூக்கலாம், ஆனால் ஆடும். 2015இல் வந்த ‘ஃபோல்அவுட் 4’இல் 100 வரை ஏறும் திறன் அட்டவணையே இல்லை. றைபிளுக்கு ஒரு ‘பெர்க்’ எடுக்கலாம். எடுத்தால் என்ன கிடைக்கும்? முதல் படியில் 20 வீதம் கூடுதல் சேதம். ஐந்தாம் படியில் இரண்டு மடங்கு சேதம். வாசிச்சீர்களா? கை உறுதியாவதில்லை, ரவைதான் பாரமாகுது. முதல் நாளும் கடைசி நாளும் ஒரே நேராகச் சுடுகிற ஆள்தான்.

சேதத்தைக் கூட்டுறது என்பது மிக மோசமான சமரசம். ஏனென்றால் அது எதிரியின் உடம்பிலும் எழுதப்பட வேண்டும். 2016இல் வந்த ‘த டிவிஷன்’ இதன் உச்சம். நியூ யோர்க் வீதியில் தொப்பி வைத்த சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு நிற்கிற சாதாரண ஆள், தலையில் ஒரு மகசின் முழுக்க வாங்கிக்கொண்டு நிற்கிறான். உங்கட குறி சரி, கை வேகம் சரி, எல்லாம் சரி. உங்கட லெவல்தான் காணாது. பாத்திரத்தின் திறன் குறுக்கே வரக்கூடாது என்று சண்டை பிடிச்சவர்களுக்குக் கடைசியில் கிடைச்சது இதுதான். வாசலால் துரத்தின எண், கூரையைப் பிரிச்சுக்கொண்டு உள்ளே வந்திருக்கு. துவக்குச் சூடு என்றால் என்ன என்று தெரிஞ்ச சனம் இருக்கிற ஊரில் வளர்ந்த எங்களுக்கு, தலையில் முப்பது ரவை வாங்கி நிற்கிற மனிசனை விடக் கை நடுங்குகிற மனிசன்தான் உண்மையாகத் தெரியுது.

சரி, கை வேகம் என்று பெருமையாகச் சொல்லுறதற்கு வருவோம். அது ஆருடைய சொத்து?

எங்கட அறையில் இருக்கிறது ஒரே ஒரு லப்டொப். ஒருத்தன்ர அண்ணா பாவிச்சுத் தந்தது. புதுசாக வருகிற கேம் எதுவும் ஓடாது. அதனால்தான் இந்தக் கட்டுரையில் கனக்கப் பழைய பெயர்கள் வருது. நியூ வேகாஸ்கூடச் சனம் கூடின இடத்தில் செக்கனுக்கு இருபது படம் தாண்டாது. எதிரி திரும்புகிறதை நாங்கள் காண்கிற நேரம் அவன் சுட்டு முடிச்சிருப்பான். அப்போது தோற்றது எங்கட கையா, லப்டொப்பா? இணையத்தில் விளையாடுறவர்களுக்கு இதோட சிக்னலும் சேரும். நாங்கள் ஏ.எல். படிச்ச காலத்தை நினைச்சுப் பாருங்கோ: 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. கை வேகம் வானத்திலிருந்து விழுவதில்லை. அது மணித்தியாலக் கணக்கில் சேர்கிறது. நல்ல மெஷின், நல்ல மவுஸ், சும்மா இருக்கிற பின்னேரங்கள் உள்ள வீட்டில் சேர்கிறது. பெட்டையளுக்கு அந்தப் பின்னேரங்கள் இன்னும் குறைவு. எங்கட பட்ச் பெட்டையள் இரண்டு பேர் கம்பஸ் வந்த பிறகுதான் முதல்முதல் கேம் விளையாட மவுஸைப் பிடிச்சவை. அதிலே ஒருத்தி இப்போது டேயஸ் எக்ஸில் எங்களை விட நல்லாப் பொறுத்துச் சுடுவாள்.

எங்கள் ஆறு பேரில் ஒருவனுக்கு வலக்கையில் இரண்டு விரல் மடங்காது. சின்ன வயதில் நடந்தது. அவன் அதைப் பற்றிக் கதைக்கிறதில்லை, நாங்களும் கேட்கிறதில்லை. நியூ வேகாஸை எங்களில் முதல் முடிச்சவன் அவன்தான். அதில் ‘வாற்ஸ்’ என்று ஒன்று இருக்கு, ஃபோல்அவுட் 3இல், 2008இல் அறிமுகமானது. ஒரு பொத்தானை அழுத்தினால் நேரம் நிற்கும். எதிரியின் தலைக்கு இத்தனை வீதம், கைக்கு இத்தனை, காலுக்கு இத்தனை என்று எழுதிக் காட்டும். ஆறுதலாகத் தெரிவு செய்யலாம். வீதத்தைத் தீர்மானிக்கிறது தூரமும் பாத்திரத்தின் திறனும். அவன் ஒவ்வொரு லெவலுக்கும் துவக்குத் திறனில் பொயின்ற் போட்டுப்போட்டு, கடைசியில் அந்தப் பாலைவனத்தில் அவனைப் போலச் சுடக்கூடிய ஆள் இல்லை என்ற நிலைக்கு வந்தான்.

பிறகு ஒரு விடுமுறைக்கு ஒன்றுவிட்ட அண்ணா ஒருவரின் கொம்பியூட்டரில் ஃபோல்அவுட் 4 விளையாடிப் பார்த்தோம். அதில் வாற்ஸை அழுத்தினால் நேரம் நிற்காது, மெதுவாகும். எதிரி வந்துகொண்டே இருப்பான். எல்லாருக்கும் அது விறுவிறுப்பு. அவன் அரை மணித்தியாலம் விளையாடிப்போட்டு மவுஸை எங்கட பக்கம் தள்ளினான். “இது உங்களுக்குச் செய்தது” என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

உடனே ஒரு பதில் வரும், எங்களுக்குத் தெரியும்: செற்றிங்கில் இலகு மட்டம் இருக்கு, குறியை உதவிப் பிடிக்கிற வசதி இருக்கு, அதைப் போட்டு விளையாடட்டும். இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை, எல்லாக் கேமிலும் இருக்க வேண்டும். ஆனால் அது இது இல்லை. மெனுவில் கிடைக்கிறது சலுகை. நியூ வேகாஸில் அவன் எடுத்தது சலுகை இல்லை. பேச்சுக்குப் போகவேண்டிய பொயின்ற்றை, மருத்துவத்துக்குப் போகவேண்டிய பொயின்ற்றைத் துவக்குக்குப் போட்டான். வேறு வாசல்கள் அவனுக்கு மூடினது. விலை கொடுத்து வாங்கின கை அது. அந்தக் கேமுக்குள் அவனும் நாங்களும் ஒரே சட்டத்தில் நின்றோம். இலகு மட்டத்தில் அப்படி நிற்க ஏலாது.

“அப்ப முறை வைச்சு விளையாடுற கேம் இருக்குத்தானே, அதுக்குப் போ” என்பது இரண்டாவது பதில். உனக்கு வேற வாங்கு போட்டிருக்கு, அங்க போய் இரு என்கிற மாதிரி.

கடைசியாக வந்த பெரிய கேம்களிலேயே வழி இருக்கு என்பதுதான் எரிச்சல். 2020இல் வந்த ‘சைபர்பங்க் 2077’இல் பாத்திரத்தின் ஐந்து அடிப்படைக் குணங்களில் ஒன்றின் பெயரே ‘ரிஃப்ளெக்ஸ்’. அதாவது கை வேகம்கூடப் பாத்திரத்தினுடையதாக இருக்கலாம் என்று அவர்களுக்கே தெரியும். அதில் சாண்டெவிஸ்தான் என்ற கருவியைப் பாத்திரத்தின் உடம்பில் பூட்டினால் உலகம் மெதுவாகும்: பாத்திரம் வேகமானது என்பதை உங்களுக்கு நேரமாகத் தருகிறது. டேயஸ் எக்ஸ் செய்ததின் பேரப்பிள்ளை. ஸ்மார்ட் துவக்குகள் இருக்கு, கையில் அதற்கான இணைப்பைப் பூட்டினால் ரவை எதிரியைத் தேடிக்கொண்டு போகும். இதெல்லாம் கதைக்குள்ளேயே இருக்கிற, விலை கொடுத்து எடுக்கிற தெரிவுகள். மெனுவில் ஒளிச்சு வைத்த இரக்கம் இல்லை. இவ்வளவையும் செய்தவர்கள்தான் மற்றப் பக்கத்தால் சேத எண்களைப் பெருக்கி எதிரியின் தலைக்கு மேல் பறக்கவும் விட்டார்கள்.

எங்களுக்கு வேண்டியது பெரிசாக ஒன்றும் இல்லை. பாத்திரத்தின் திறனை ரவையின் பாரமாகத் தராதீர்கள். ஒளிச்சு வைத்த தாயக்கட்டையாகவும் தராதீர்கள். நேரமாகத் தாருங்கோ, கையின் உறுதியாகத் தாருங்கோ, சுட முதல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரித் தாருங்கோ. வேகமான கை உள்ளவன் அதோட இன்னும் நல்லாச் சுடட்டும், ஆர் வேண்டாம் என்றது? ஆனால் வேகமான கை இல்லாதவன் உலகத்திலேயே பெரிய குறிகாரனாக நடிக்க ஏலாத கேமுக்குப் பாத்திரக் கேம் என்று பேர் வைக்காதீர்கள்.

அந்த இரவு எங்கட நண்பன் இதில் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. “நான் ஒண்டைச் செய்து காட்டுறன்” என்று புதுசாக ஒரு பாத்திரம் உருவாக்கினான். துவக்குக்கும் பலத்துக்கும் அள்ளிக் கொட்டினான், பேச்சுக்கு ஒன்றும் இல்லை. இப்போது ஸ்கோப் ஆடவில்லை, ஆளுக்கு முகத்தில் சிரிப்பு. விடிய இரண்டு மணி போல ஒருத்தனோடு கதைக்க வேண்டிய இடம் வந்தது. அடைப்புக்குறிக்குள் பேச்சுத் திறன் எவ்வளவு வேண்டும், இவனிடம் எவ்வளவு இருக்கு என்று எழுதியிருந்தது. காணாது. காணாவிட்டால் பாத்திரம் சொல்லப்போகிற வசனமும் பக்கத்தில் இருந்தது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சாட்டுச் சொல்கிற மாதிரி.

பீட விவாதக் குழுவில் இரண்டு வருசம் பேசினவன் அவன். ஸ்கிரீனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தான்.

“இவனுக்குக் கதைக்கத் தெரியாதுதானே” என்று சொல்லிப்போட்டு, கீழே இருந்த மற்ற வசனத்தை அழுத்தினான்.